ஜில் தண்ணீருக்குப் பயம்... கொதிக்கும் டீக்குப் பயமில்லையா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்குழம்பு, வறுவல், ரசம் என்று ஒரு பிடி பிடித்துவிட்டுக் கை கழுவி வருகிறான் பையன். நேராக ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுக்கிறான். உடனே கூடத்திலிருந்து அப்பத்தாவின் குரல்.

"டேய்... கறி தின்ன வாயோட ஐஸ் தண்ணியா குடிக்கிற? தின்ன கொழுப்பெல்லாம் உள்ள கட்டிதட்டிப் போயிரும்டா!"

பையன் பாட்டிலை வைத்துவிடுகிறான்.

அதே வீடு. சாயங்காலம் நாலு மணி. அப்பத்தாவுக்கு டீ வருகிறது. ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிக்கிறார். "என்னத்தா, டீ ஆறிப்போயிருக்கு? இன்னொரு கொதி விட்டுக் கொண்டாத்தா." மறுபடி ஆவி பறக்க வருகிறது டீ. உஸ்... உஸ்... என்று உறிஞ்சிக் குடித்துவிட்டு, "இப்பத்தான் டீ குடிச்ச மாதிரி இருக்கு" என்கிறார். இதற்கு வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

உங்கள் வீட்டிலும் ஏறக்குறைய இதுதானே நடக்கிறது? புதுக்கோட்டை, அறந்தாங்கி, பொன்னமராவதி என்று எங்கள் மாவட்டத்தில் எந்த ஊருக்குப் போனாலும் இதே கதைதான். உங்கள் ஊரிலும் வேறு மாதிரி இருக்காது.

இந்த வாரம் உங்களோடு கொஞ்சம் சண்டை போடலாம் என்று இருக்கிறேன். குடிக்கிற பொருளின் சூடு, குளிர்ச்சி பற்றி நாம் வைத்திருக்கும் பயம் தலைகீழாக இருக்கிறது. ஜில் தண்ணீர் நம் வயிற்றுக்குச் செய்யும் கெடுதல் ரொம்பக் கொஞ்சம். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற டீயும் காபியும் செய்யக்கூடிய கெடுதல் பெரிது. முதலாவதுக்கு அலறுகிறோம். இரண்டாவதை விரும்பிக் கேட்டு வாங்குகிறோம்!

"அதெப்படிங்க, காலங்காலமா பெரியவங்க சொன்னதாச்சே?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பெரியவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் சொன்னதில் பாதியைத்தான் நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அதை அப்புறம் சொல்கிறேன். முதலில் வயிற்றுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வருவோம்.

வயிற்றுக்குள் ஒரு தெர்மாமீட்டர்

வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க முடியுமா? ஒருவர் பார்த்திருக்கிறார். 1822-ல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் வயிற்றுப் பக்கம் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ராணுவ டாக்டர் வில்லியம் போமாண்ட் வைத்தியம் பார்த்தார். ஆள் பிழைத்துவிட்டார். ஆனால் இரைப்பையில் விழுந்த ஓட்டை மட்டும் மூடவே இல்லை. ஜன்னல் மாதிரி நின்றுவிட்டது. அந்த ஜன்னல் வழியாகத்தான் ஜீரணம் எப்படி நடக்கிறது என்று போமாண்ட் வருஷக்கணக்கில் பார்த்து எழுதினார். 1833-ல் அது புத்தகமாக வந்தது.

அதில் ஒரு சோதனை நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்துகிறது. சுமார் 13 டிகிரி செல்ஷியஸ் குளிர்ச்சியில் ஒரு சின்ன டம்ளர் தண்ணீரை வெறும் வயிற்றுக்குள் விட்டு, தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். வயிற்றின் சூடு 21 டிகிரிக்கு இறங்கியது. பிறகு மெல்ல ஏறியது. அரை மணி நேரத்தில் பழைய 37 டிகிரிக்கே வந்துவிட்டது.

சரி, அது பழங்கதை என்கிறீர்களா? 1988-ல் இங்கிலாந்தில் ஆறு பேருக்கு 400 மில்லி ஆரஞ்சு ஜூஸை மூன்று விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியில் 4 டிகிரி, உடம்புச் சூட்டில் 37 டிகிரி, சூடாக 50 டிகிரி. எதைக் குடித்தாலும் 20 முதல் 30 நிமிஷத்துக்குள் வயிறு தன் பழைய சூட்டுக்குத் திரும்பிவிட்டது. ஜில்லென்று குடித்தபோது மட்டும், ஆரம்பத்தில் வயிற்றிலிருந்து குடலுக்கு இறங்குவது கொஞ்சம் மெதுவாக இருந்தது.

ஆக, குளிர்ந்த தண்ணீர் ஜீரணத்தைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்துகிறது என்பது நிஜம். ஆனால் அது முதல் சில நிமிஷங்களோடு சரி. கறிச் சோறு வயிற்றில் மணிக்கணக்கில் இருந்து அரைபடப்போகிற சமாச்சாரம். அதில் இந்தத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. நம் உடம்பு அவ்வளவு சாமர்த்தியமான அடுப்பு!

கொழுப்பு கட்டிதட்டுமா? வெந்நீரில் கரையுமா?

எண்ணெய்ச் சட்டியில் பச்சைத் தண்ணீரை விட்டால் பிசுக்கு ஒட்டிக்கொள்கிறது, வெந்நீர் விட்டால் போய்விடுகிறது. சமையல்கட்டில் தினமும் பார்க்கிற காட்சி. அதனால் வயிற்றுக்குள்ளும் அப்படித்தான் நடக்கும் என்று நாமே முடிவு கட்டிவிட்டோம்.

சட்டிக்கும் வயிற்றுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சட்டி ஆறிப்போகும். உயிரோடு இருக்கிற வரைக்கும் வயிறு ஆறாது. தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைந்துவிடுகிறது அல்லவா? அது சுமார் 24 டிகிரியிலேயே உருகிவிடும். 37 டிகிரி வயிற்றுக்குள் எப்படி உறைந்தே கிடக்கும்? நெய்யும் அந்தச் சூட்டில் இளகிவிடும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் நம் ஊர் மார்கழிக்கே உறையாது.

அதைவிட முக்கியமான விஷயம், கொழுப்பு 'உருகுவதால்' ஜீரணமாவதில்லை. ஈரலில் சுரந்து பித்தப்பையில் சேரும் பித்தநீர், கொழுப்பைப் பொடிப்பொடித் துளிகளாகப் பிரிக்கிறது. கணையத்தில் சுரக்கும் நொதி அதை உடைக்கிறது. நீங்கள் மேலே என்ன ஊற்றினாலும் அந்த வேலை அது பாட்டுக்கு நடக்கும்.

இதே கதைதான் காலையில் எழுந்தவுடன் வெந்நீர் குடித்து "தொப்பையைக் கரைக்கிற" விஷயமும். இடுப்பில் இருக்கிற கொழுப்புக்கும் குடலில் இருக்கிற வெந்நீருக்கும் நேரடிச் சம்பந்தமே கிடையாது. இன்னொரு கூட்டம், "ஐஸ் தண்ணி குடிச்சா உடம்பு அதைச் சூடாக்கக் கலோரி செலவாகுது, அதனால இளைக்கலாம்" என்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்களேன். அரை லிட்டர் ஃப்ரிட்ஜ் தண்ணீரை 4 டிகிரியிலிருந்து 37 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 16 கிலோ கலோரி. அரை இட்லிக்குக்கூடக் காணாது!

கூல்டிரிங்க் குடித்தால் வயிறு உப்புசமாக இருக்கிறதே என்பீர்கள். பழியை ஏன் குளிர்ச்சி மேல் போடுகிறீர்கள்? உள்ளே அடைத்திருக்கிற கேஸும் சர்க்கரையும் சும்மாவா இருக்கும்? 300 மில்லி கோலாவில் ஆறு டீஸ்பூனுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. அதை வெதுவெதுப்பாகக் குடித்தாலும் கெடுதல் கெடுதல்தான்.

வெந்நீருக்கு மரியாதை உண்டு

இப்படிச் சொல்வதால் வெந்நீரே வேண்டாம் என்று அர்த்தமில்லை. ஜலதோஷம் பிடித்தவர்களுக்குச் சூடான பானம் கொடுத்து, வேல்ஸில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 2008-ல் பார்த்தார்கள். மூக்கடைப்பை அளந்து பார்த்தபோது ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் மூக்கு ஒழுகல், தொண்டை வலி, இருமல், குளிர் எல்லாமே குறைந்தமாதிரி இருக்கிறது என்று குடித்தவர்கள் சொன்னார்கள். நம் சுக்குமல்லிக் காபியின் ரகசியமும் இதுதான். ஜலதோஷத்தை உண்டாக்குவது வைரஸ். சூடான பானம் அதைக் கொல்லாது. ஆனால் ஆளுக்கு இதம் தரும். அந்த இதமும் ஒரு மருந்துதான்.

காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்தால்தான் "வெளிக்குப் போக" வருகிறது என்கிறீர்களா? தாராளமாகக் குடியுங்கள். ஒரு கெடுதலும் இல்லை. 'வெதுவெதுப்பான' என்ற வார்த்தையை மட்டும் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அதேபோல ஜில் தண்ணீர் ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். பல் கூச்சம் உள்ளவர்கள், ஐஸ் பட்டால் ஒற்றைத் தலைவலி கிளம்புகிறவர்கள், குடல் எரிச்சல் நோயால் வயிறு இழுத்துப் பிடிக்கிறவர்கள், உணவுக்குழாயின் கீழ் வாய் சரியாகத் திறக்காதவர்கள்... இவர்களுக்கு ஜில் வேண்டாம். "எனக்கு ஒத்துக்கலை" என்று ஒருவர் சொன்னால் நம்புங்கள். ஆனால் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாததை வீட்டுக்கே சட்டமாக்காதீர்கள்.

நிஜமான வில்லன்

இப்போது அடுத்த பக்கத்துக்கு வருவோம்.

காலை ஆறு மணிக்கு எந்த பஸ் ஸ்டாண்ட் டீக்கடையிலும் நின்று பாருங்கள். "அண்ணே, ஸ்ட்ராங்கா ஒண்ணு... ஆத்தாம குடுங்கண்ணே!" பாய்லரிலிருந்து இறங்கின சூட்டோடு வாங்கி, பஸ் கிளம்புவதற்குள் நாலே மடக்கில் உள்ளே தள்ளுகிறார்கள். கையில் பிடிக்க முடியாமல் துண்டைச் சுற்றிப் பிடிக்கிறார்கள். கைக்கு ஆகாத சூடு தொண்டைக்கு மட்டும் ஆகுமா?

60 டிகிரித் தண்ணீர் தோலில் ஐந்து விநாடி பட்டாலே ஆழமான தீப்புண் ஆகிவிடும். ஆத்தாத டீ அதைவிடச் சூடு! குடிக்கும்போது எச்சில் கலக்கிறது, காற்றோடு உறிஞ்சுகிறோம், அதனால் உடனே வெந்துபோவதில்லை. ஆனால் தினம் மூன்று வேளை, முப்பது நாற்பது வருஷம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரைப்பைக்குள் கெட்டியான கோழைப் படலம் காவல் இருக்கிறது. உணவுக்குழாய்க்கு அந்த அளவு காவல் கிடையாது. சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் குழாயின் உள்தோல் திரும்பத் திரும்பச் சுடுபட்டு, புண்ணாகி, ஆறி, மறுபடி சுடுபட்டு... இந்த ஓயாத ரிப்பேர் வேலையில்தான் புற்றுநோய் நுழைய இடம் கிடைக்கிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

நான் பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2016 மே மாதத்தில் இதைப் பற்றிக் கூடிப் பேசியது. 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் பானங்கள் "புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற பட்டியலில் சேர்க்கப்பட்டன. காபிக்கும் டீக்கும் அந்தக் கெட்ட பெயர் இல்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்பது சூடுதான்.

ஈரானில் காஸ்பியன் கடலோரம் கொலஸ்தான் என்று ஒரு மாகாணம். சிகரெட்டும் குடியும் குறைவான ஊர். ஆனாலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஏராளம். ஏன் என்று தேடியபோது டீ மாட்டியது. 2009-ல் வெளிவந்த ஆராய்ச்சி முடிவு இது: 65 டிகிரிக்குக் கீழே ஆற்றிக் குடிக்கிறவர்களோடு ஒப்பிட்டால், 70 டிகிரியும் அதற்கு மேலும் குடிக்கிறவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு சுமார் எட்டு மடங்கு. டம்ளரில் ஊற்றி நாலு நிமிஷமாவது பொறுத்தவர்களைவிட, இரண்டு நிமிஷத்துக்குள் குடித்தவர்களுக்கு ஐந்து மடங்கு. பிறகு அங்கேயே சுமார் 50 ஆயிரம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். 2019-ல் வந்த அந்த முடிவும் இதையே உறுதி செய்தது.

நம் நாட்டில் காஷ்மீரிலும் உணவுக்குழாய்ப் புற்றுநோய் அதிகம். அங்கே நாள் முழுக்கச் சூடாக உப்பு டீ குடிக்கும் பழக்கம் இருக்கிறது. சந்தேகப் பட்டியலில் அதுவும் உண்டு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த நோய்க்கு நம் ஊரில் முதல் எதிரிகள் புகையிலையும் சாராயமும்தான். வெற்றிலையோடு புகையிலையை அடக்கிக்கொள்வது, பீடி, சிகரெட், குடி... இதையெல்லாம் விடாமல் டீயை மட்டும் ஆற்றிக் குடித்துப் பிரயோஜனமில்லை. ஆனால் ஒரு கையில் பீடி, மறுகையில் ஆத்தாத டீ என்று நிற்கிறவரை நினைத்துப் பாருங்கள். அவர் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறார்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் கூடுதல் அக்கறை இருக்க வேண்டும் என்பேன். 1886-ல் இதே புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சொந்தத் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையை மறக்காமல், 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கிவைத்தவர். அவர் பிறந்த மண்ணில், செலவே இல்லாமல் தவிர்க்கக்கூடிய ஒரு ஆபத்தை அலட்சியம் செய்யலாமா?

சோறோ இட்லியோ விழுங்கும்போது நெஞ்சுக்குழியில் நிற்கிற மாதிரி இருந்தால், அது தொடர்ந்து இருந்தால், "கேஸ்தான்" என்று சோடா குடித்துச் சமாளிக்காதீர்கள். எடையும் குறைகிறது என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். எண்டோஸ்கோப்பி பார்க்கும் டாக்டரிடம் போய்விடுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் வழி இருக்கிறது.

பெரியவர்கள் சொன்ன மீதிப் பாதி

முன்னே பாக்கி வைத்ததைச் சொல்கிறேன். நம் வீட்டுப் பெரியவர்கள் சூடாகக் குடி என்று மட்டுமா சொன்னார்கள்? டபரா, டம்ளர் என்று இரண்டு பாத்திரம் எதற்கு வைத்தார்கள்? டீ மாஸ்டர் ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்று முழ நீளத்துக்கு ஆற்றுகிறாரே, அது வெறும் நுரைக்காகவா? மேலிருந்து கீழே விழும்போது காற்று பட்டுச் சூடு இறங்குகிறது. உலகத்தில் வேறு எந்த ஊரிலும் இவ்வளவு அழகான, பைசாச் செலவில்லாத 'கூலர்' இருக்குமா என்று தெரியவில்லை! அதைப் போய் "ஆத்தாம குடுங்க" என்று நாமே வேண்டாமென்கிறோம்.

தெர்மாமீட்டர் தேவையில்லை. ஸ்டீல் டம்ளரை முழுக் கையால் சுற்றிப் பிடிக்க முடிகிறதா? அப்போது குடியுங்கள். விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடிக்கிற நிலைமையா? பொறுங்கள். ஊதி ஊதி, உறிஞ்சி உறிஞ்சித்தான் குடிக்க முடிகிறது என்றால் இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம். நாலு தடவை ஆற்றி, ஐந்து நிமிஷம் வைத்துவிட்டுக் குடிப்பது நல்ல வழக்கம்.

எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தண்ணீருக்கு அது நல்ல பழக்கம்தான். ஆனால் சூடான காபியை அப்படி ஊற்றினால், "சுடுதுடா" என்று எச்சரிக்கிற உதட்டைத் தாண்டி நேரே தொண்டைக்குப் போய்விடுகிறது. வாசலில் இருக்கிற கூர்க்காவைத் தாண்டித் திருடனை உள்ளே விட்ட கதைதான். ஆறின பிறகு அண்ணாந்து குடியுங்கள்.

குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும்போது உங்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கு இன்னும் சுடும்.

சூடா, ஜில்லா என்பதைவிடப் பெரிய கேள்வி

தண்ணீரைப் பார்த்து முதலில் கேட்க வேண்டியது "சுத்தமா?" என்றுதான்.

காய்ச்சிக் குடிக்கச் சொன்னது கிருமியைக் கொல்வதற்கு. தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தால் போதும், வேலை முடிந்தது. அதற்கப்புறம் அதை மூடிவைத்து, ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் வைத்துக் குடித்தாலும் அதே பலன்தான். சூட்டோடு குடித்தால்தான் பலன் என்று நினைப்பது தப்பு.

இதிலே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? ஹோட்டலில் "சுடுதண்ணி குடுங்க" என்று கேட்கிறோம். சர்வர் என்ன பண்ணுகிறார்? கொதித்த தண்ணீரில் பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீரைக் கலந்து, வெதுவெதுவென்று கொண்டுவந்து வைக்கிறார். ஏன், நம் வீட்டிலேயே அவசரத்துக்கு அப்படித்தானே செய்கிறோம்? அந்த நிமிஷமே காய்ச்சின பலன் போச்சு! வெதுவெதுப்பு வந்தது, கிருமியும் கூடவே வந்தது. வெந்நீர் குடித்தோம் என்ற நிம்மதி மட்டும் மிச்சம். இப்படிக் கலப்பதற்கு ஏற்கெனவே காய்ச்சி ஆறின தண்ணீர் ஒரு சொம்பு எப்போதும் தயாராக இருக்கட்டும்.

அடுத்தது ஐஸ். வெயில் காலத்தில் சர்பத் குடித்துவிட்டு வயிற்றுப்போக்கு வந்தால், "ஜில்லு ஒத்துக்கலை" என்கிறோம். ஒத்துக்கொள்ளாதது அந்த ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்யப்பட்டதோ அது! உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாகாது. தூங்கும். உருகினதும் எழுந்துவிடும். எங்கள் மாவட்டத்தில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மாதிரி கடற்கரை ஊர்களில் மீன் கெடாமல் இருக்கப் பார் ஐஸ் வேண்டியிருக்கிறது. மீனுக்குச் செய்கிற ஐஸ் மனுஷன் குடிப்பதற்குச் செய்தது இல்லை. இரண்டும் கலந்துவிடக் கூடாது என்றுதான், சாப்பிட உதவாத ஐஸில் நீலச் சாயம் சேர்க்க வேண்டும் என்று 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. ரோட்டோரத்தில் ஜூஸ் குடிக்கும்போது, "ஐஸ் வேண்டாம்ணே" என்று சொல்லிப் பழகுங்கள். டைஃபாய்டும் மஞ்சள் காமாலையும் அசுத்தத் தண்ணீர் வழியாக வருகிற விருந்தாளிகள்.

சுத்தத்தைப் பற்றிப் பேசும்போது, அன்னவாசல் ஒன்றியம் வேங்கைவயலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் தெரிய வந்தது. குழந்தைகள் உடம்புக்கு முடியாமல் படுத்தபோதுதான் விஷயமே வெளியே வந்தது. ஒரு வீட்டில் ஐஸா, வெந்நீரா என்று விவாதம் நடக்கிறது. அதே மாவட்டத்தில் குழாயைத் திறந்தால் என்ன வரும் என்று பயந்த குடும்பங்களும் இருந்தன. நல்ல தண்ணீர் என்பது எல்லோருக்கும் உரியது. மற்ற பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வெயிலில் பெரியவர்களைக் கவனியுங்கள்

ஜில் தண்ணீர்ப் பயம் ஒரு வேடிக்கை என்று விட்டுவிடலாம். ஆனால் அக்னி நட்சத்திர நாட்களில் அது வேடிக்கை இல்லை. வயசானவர்களுக்குத் தாக உணர்ச்சியே குறைந்துபோகும். போதாக்குறைக்கு, "குளுந்த தண்ணி ஆகாது" என்று அதையும் ஒதுக்கி, கொளுத்துகிற வெயிலில் வெந்நீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருப்பார்கள். வெந்நீர் எவ்வளவு உள்ளே போகும்? அரை டம்ளர். ராத்திரிக்குள் தலைசுற்றல், சிறுநீர் மஞ்சளாகி எரிச்சல், மலச்சிக்கல் எல்லாம் வரிசையாக வரும்.

குளிர்ச்சியாக இருந்தால் நிறையக் குடிக்கத் தோன்றும். அதனால்தான் அமெரிக்காவின் விளையாட்டு மருத்துவ அமைப்பு 1996-லேயே, உடற்பயிற்சி செய்கிறவர்கள் 15 முதல் 22 டிகிரிக் குளிர்ச்சியில் குடிக்கலாம் என்று சொன்னது. ஐஸ் கட்டியும் இல்லை, வெந்நீரும் இல்லை. நடுவில்.

நம் ஊரில் மண்பானைத் தண்ணீர் இருக்கிறதே! பானையின் நுண்ணிய துளைகள் வழியாகக் கசிகிற ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கரண்டும் வேண்டாம், ஃப்ரிட்ஜும் வேண்டாம். காய்ச்சி ஆறின தண்ணீரைப் பானையில் ஊற்றி, மூடிவைத்து, கையை விடாமல் நீளக் காம்புக் கரண்டியால் எடுங்கள். அடிக்கடி பானையைத் தேய்த்துக் கழுவுங்கள். நீர்மோர், கீரமங்கலம் பக்கத்து இளநீர், நீராகாரம் எல்லாம் இதே வகைதான். இருதயம், கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேதியாகிற குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கும்போதும் இதே குழப்பம் வருகிறது. "வயித்துப்போக்கு, சூடாத்தான் குடுக்கணும்" என்று கரைசலைக் கொதிக்க வைக்கிறார்கள். கூடாது. தண்ணீரைத்தான் முதலில் காய்ச்சி ஆறவைக்க வேண்டும். பாக்கெட்டில் எழுதியிருக்கிற அளவில் கலக்க வேண்டும். கலந்த பிறகு அடுப்பில் ஏற்றக் கூடாது. கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தாலும் பாதகமில்லை. குழந்தை குடிக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

முடிவாக...

பையன் சாப்பிட்டுவிட்டு ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் குடித்தால் விட்டுவிடுங்கள். அது சுத்தமான தண்ணீர்தானா என்று மட்டும் பாருங்கள். அந்தக் கோபத்தை மிச்சம் பிடித்துச் சாயங்காலம் டீ நேரத்தில் காட்டுங்கள்! மாமியாரோ மாமனாரோ, "இன்னொரு கொதி விட்டுக் கொண்டா" என்றால், "அத்தை, அஞ்சு நிமிஷம் பொறுங்க, ஆத்தித் தர்றேன்" என்று அன்பாகச் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார்கள்தான். பரவாயில்லை.

டீக்கடையிலும் இன்றைக்கே ஆரம்பிக்கலாம். "ஆத்தாம" என்று கேட்ட அதே வாயால், "மாஸ்டர், நல்லா ஆத்திக் குடுங்க" என்று கேளுங்கள். ஒரு எழுத்துத்தான் வித்தியாசம் மாதிரி இருக்கும். உங்கள் உணவுக்குழாய்க்கு அது முப்பது வருஷ வித்தியாசம்.